கஞ்சி போட்ட பாரிஸ்

துரைக்கண்ணு குளித்துவிட்டு வந்தபோது வீட்டுக்கு எதிரே தெருவில் பாவு விரித்திருந்தது.

அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. காஞ்சிபுரத்தில் அந்தத் தெருவில் காலை வெயில் இறங்கினால் யாராவது ஒருவர் தறியில் ஏற்றப்போகும் பாவு நூலை நீளமாக விரித்துக் கஞ்சி தடவிக்கொண்டிருப்பார்கள். ஆனால் இந்தப் பாவு அவர் வீட்டு மரக்கால்களில் கட்டியிருந்தது. அவர் வீட்டில் அன்றைக்குப் பாவு எதுவும் இல்லை.

கிட்டே போனார். கறுப்பாகப் பளபளத்தது. இரண்டு விரல் அகலம்தான் இருந்தது. இரு ஓரங்களிலும் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள்.

மறுமுனையில் அவர் மனைவி அம்சா கஞ்சிச் சட்டியோடு நின்றிருந்தாள். முகத்தில் வேலை முடித்த திருப்தி.

"இன்னாங்க, பாத்துக்கினே நிக்கிறீங்க? ஆடி ஈரத்துல எல்லாம் ஒட்டிக்கினு கெடந்துச்சு. நாலு சுருளையும் உருவி, முடி போட்டு, வெயில்ல இஸ்துக் கட்டிட்டேன். ஒரு கை கஞ்சியும் குடுத்துட்டேன். ஒரு பொடவை நீளம் வந்துருக்குது!"

"அம்சா, இது ஃபிலிமு."

"தெரியும். அதனாலதான் கஞ்சியத் தண்ணியா கரைச்சேன்."

துரைக்கண்ணு நேராக உள்ளே போய்த் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துகொண்டார். கோபம் வந்தாலும் அழுகை வந்தாலும் அவர் கால் தானாக அங்கேதான் போகும். கொஞ்ச நேரத்தில் ஊடை நூலை இழுத்துக்கொண்டு நாடா இப்படியும் அப்படியும் ஓடும் சத்தம் கேட்டது. வழக்கத்தைவிட வேகமாக ஓடியது.

அம்சா சட்டியைக் கீழே வைத்தாள். ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று அந்தச் சத்தத்தில் அவளுக்குப் புரிந்தது.

சரிகையில் இருப்பதும் வெள்ளி, ஃபிலிமில் பூசியிருப்பதும் வெள்ளி. சரிகையை ஆயுள் முழுக்க வெயிலில் காட்டலாம். கழுவாத ஃபிலிமை ஒரு கணம் காட்டினால் முடிந்தது. பட்டோடும் சரிகையோடும் வளர்ந்த அம்சாவுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. சுருட்டி வைத்த எதுவும் வெயில் படாமல் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும் என்பதே அவள் அறிந்த விஞ்ஞானம்.

அந்த நான்கு சுருள்களுக்குள் ஜப்பானும் பாரிஸும் லண்டனும் இருந்தன.

வைகாசியில் ஒரு கைத்தறிக் கண்காட்சிக் குழுவோடு துரைக்கண்ணு கடல் கடந்து போயிருந்தார். போகிற ஊர்களில் தறி போட்டு, ஜனங்களுக்கு முன்னால் காஞ்சிப் பட்டு நெய்து காட்ட வேண்டும். அதுதான் வேலை. மூன்று தேசம் பார்த்துவிட்டு ஆடியில் திரும்பினார். ஜப்பானில் வாங்கிய கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே பஸ்ஸை விட்டு இறங்கினார். ஆடியில் எந்த நல்ல காரியத்தையும் தொடங்கக் கூடாது, ஆவணி பிறந்ததும் படங்களைக் கழுவலாம் என்று சொன்னவள் அம்சாதான்.

படம் இல்லாவிட்டாலும் வாய் இருந்தது. ஆடி முழுக்க டீக்கடையில் அவர் பேச்சுத்தான்.

"ஜப்பான்ல ஒரு கடைக்குப் போனேன்பா. படியில கால வெச்சா, நாம சும்மா நிக்கிறோம், படி மேல ஏறுது! என் வேட்டி முனை அதுல மாட்டிக்கிச்சு. உடனே படியையே நிறுத்திட்டாங்க. கடை ஆளுங்க எல்லாரும் வரிசையா வந்து என் வேட்டிக்கு முன்னால குனிஞ்சு மன்னிப்புக் கேட்டாங்க."

"வேட்டிகிட்டயா?"

"வேட்டிகிட்டதான். எனக்கே கூச்சமா போச்சு."

லண்டன் கதை வேறு. விளக்கு வைத்த பிறகுதான் சாப்பாடு என்பது அவர் பழக்கம். அங்கே கோடையில் ராத்திரி ஒன்பது மணிக்கும் சூரியன் இருந்தது. இருட்டட்டும் என்று ஜன்னல் பக்கத்தில் காத்திருந்தார். இருட்டுவதற்குள் சமையல்கட்டைப் பூட்டிவிட்டார்கள்.

பாரிஸ் கதைதான் தெருவுக்குப் பிடித்தது. குழித்தறி போடத் தரையில் குழி வெட்ட வேண்டும் என்று துரைக்கண்ணு கேட்டாராம். கண்ணாடி மாதிரி தரை. அங்கிருந்த அதிகாரியம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டாளாம். கடைசியில் மரத்தில் மேடை கட்டி அதற்குள் குழி வைத்தார்களாம்.

"குழிக்குள்ள எறங்கணும்னா படி ஏறிப் போவணும்பா!"

எல்லோரும் சிரித்தார்கள். கைலாசம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் நெசவாளர் சங்கத்தின் டைரக்டர். சங்கத்தில் வெளியூர்ப் பயணம் என்றால் அதுவரை அவர் பெங்களூர் போய்வந்ததுதான் பேச்சு.

"ஏறுற படியாம், இறங்காத சூரியனாம்," என்றார் கைலாசம். "நாளைக்கு நம்ம கோயில் கொளத்துப் படியும் ஏறி வூட்டுக்கு வந்துரும் பாரு. இவரு பம்பாய் வரைக்கும் போயி யாரு வூட்லயோ படுத்துக்கினு இருந்துட்டு வந்துருக்காரு. கேமராவா? பர்மா பஜார்ல கெடைக்காத கேமராவா?"

பாஸ்போர்ட்டைக் காட்டலாம் என்றால், ஊர் திரும்பியதும் குழுத் தலைவர் எல்லோருடையதையும் வாங்கிக்கொண்டுவிட்டார். துரைக்கண்ணு பேசாமல் இருந்திருப்பார். ஆனால் இந்தப் பேச்சு குழாயடிக்கு வந்து சேர்ந்தது. அங்கே அம்சா இருந்தாள்.

"ஆவணியில சங்கத்துக் கூட்டம் வருது இல்ல? அங்க ஊரு பாக்க அத்தினி படத்தையும் தொங்கவுடுவாரு எங்க வூட்டுக்காரரு," என்று அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள். "படம் இல்லன்னா, இவ்ளோ நாள் சொன்னதெல்லாம் புருடான்னு மைக்ல சொல்லிட்டு எறங்கிடுவாரு."

கைலாசம் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். கூட்ட நோட்டீஸில் 'உலகம் சுற்றிய நெசவாளியின் படக் காட்சி' என்று அச்சடித்துவிட்டார்.

கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை. அம்சா கஞ்சி போட்டது புதன்கிழமை.

அந்தோணியின் ஸ்டூடியோ பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அவன் ஃபிலிமைத் தூக்கிப் பார்த்தான். பிறகு மோந்து பார்த்தான்.

"அண்ணே, இதுல படம் இருக்குமான்னு தெரியல. பழைய சோத்து வாசனை இருக்குது."

ஒரு துண்டைக் கழுவிக் கொண்டுவந்து காட்டினான். முழுக்கக் கறுப்பு.

"ராத்திரியில எடுத்ததா?" என்று கேட்டாள் அம்சா.

துரைக்கண்ணு அந்தக் கறுப்புத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு படமும் அவருக்கு நினைவில் இருந்தது. ஓடும் படியில் ஒரு சிறுமி இறங்கத் தெரியாமல் சிரித்தது. ராத்திரி வெயிலில் பூங்காவில் ஒருவர் பேப்பர் படித்தது. பாரிஸில் மழை விட்ட தெருவில் இரும்புக் கோபுரம் தலைகீழாகத் தெரிந்தது. எந்தப் படத்திலும் அவர் இல்லை. கேமரா அவர் கையில் இருந்தது. அவர் தறியில் இருக்கும்போது வெள்ளைக்காரர்கள் சுற்றி நின்று எத்தனையோ படம் எடுத்தார்கள். அதில் ஒன்றுகூடக் காஞ்சிபுரத்துக்கு வரவில்லை.

"என்னாலதான்," என்றாள் அம்சா. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்கள மைக் முன்னால புருடான்னு சொல்ல வெக்கப் போறேன். பொய்யே சொல்லாத மனுசன!"

அவள் அழுததை அவரால் பார்க்க முடியவில்லை.

"அந்தோணி," என்றார். "பாவு அறுந்து போனா நாம இன்னா பண்றோம்? பிணைச்சுப் போடறோம் இல்ல?"

"ஆமாண்ணே."

"இதையும் பிணைச்சுப் போட்டா இன்னா? நான் போனது நெசம். நின்னது நெசம். படம் மட்டும் புதுசு. அது பொய்யா?"

அந்தோணி சுவரோரம் சுருட்டி வைத்திருந்த திரைகளைப் பார்த்தான். "எங்கிட்ட தாஜ்மகால் திரை இருக்குது. அட்டையில ஏரோப்ளேன் இருக்குது. பாரிஸ் இல்லியே."

பாரிஸுக்கு முனுசாமியிடம் போக வேண்டியிருந்தது. கூத்துக்கும் நாடகத்துக்கும் திரை எழுதுகிறவர் முனுசாமி. அரண்மனை, காடு, கைலாயம், ஜெயில் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார். கோபுரம் எழுதினால் ஊரே நின்று கும்பிடும் என்று அவரே சொல்லிக்கொள்வார். அது உண்மையும்கூட.

அவர் வீட்டுக்குப் போகிற வழியில் தெருமுனையில் கூட்டமாக இருந்தது. நடுவில் ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி, தோளில் பையும் கையில் ஒரு சின்னப் போட்டோவுமாக நின்றிருந்தாள். எல்லோரும் அந்தப் போட்டோவை எட்டிப் பார்த்து வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"இது ஏகாம்பரநாதர் கோயில் கோபுரம்மா. அப்டிக்கா போ."

"யோவ், கண்ணு தெரியலயா? இது வரதர் கோயில். இப்டிக்கா அனுப்பு."

"இது அந்த ரெண்டு மாதிரியும் இல்லியே. காமாட்சியம்மனா இருக்கும்."

"நேத்தும் வந்துது இந்தம்மா. நேத்து அத்தினி கோயிலுக்கும் அனுப்பினோம். பாத்துட்டு மறுபடியும் வந்து நிக்குதே!"

துரைக்கண்ணு ஒதுங்கிக் கடந்து போனார். அடுத்தவர் போட்டோவை நின்று பார்க்கும் நிலையில் அவர் இல்லை.

முனுசாமி கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"இரும்புக் கோபுரமா?"

"கோபுரம்னா கோபுரம் இல்ல. நாலு கால். மேல போவப் போவ ஒல்லியாவும்."

"நம்ம கோபுரமும் அப்டித்தான். எத்தினி நெலை?"

துரைக்கண்ணு விரல் விட்டு எண்ணினார். "ஜனங்க ஏறி நிக்கிற தட்டு மூணு இருக்குது."

"மூணு. ஒத்தப்படை. ரெட்டப்படையில எவனும் கோபுரம் கட்ட மாட்டான். அப்ப கோபுரம்தான்," என்று முனுசாமி தூரிகையை எடுத்தார்.

மறுநாள் அந்தோணியின் ஸ்டூடியோவுக்குத் திரை வந்தது. நாலு கால், குறுக்கு நெடுக்காக இரும்பு, மேலே ஒல்லியாகிக்கொண்டே போயிற்று. துரைக்கண்ணுவுக்கு உடம்பு சிலிர்த்தது. அப்படியே இருந்தது. பார்வை உச்சிக்குப் போனதும் சிலிர்ப்பு நின்றுவிட்டது. உச்சியில் மூன்று கலசங்கள் இருந்தன.

"முனுசாமி அண்ணே, அங்க கலசம் கெடையாது."

"கலசம் இல்லாத கோபுரத்த மொட்டையா வுடறதா? ஊருக்கு ஆவாதுப்பா. என் கைக்கே வராது."

"அழிச்சுடுங்க."

"கலசத்த அழிக்கிறதா? நானா?" முனுசாமி பதறிப் போனார். கடைசியில் சமரசம் ஆயிற்று. கலசத்தை அழிக்கவில்லை, அதற்கு மேல் ஒரு மேகம் எழுதி மறைத்தார். கனத்த மேகம். வலப்பக்கம் யானைத் தும்பிக்கை மாதிரி நீண்டிருந்தது.

வேட்டியில் நின்றால் ஊர்க்காரர் மாதிரித் தெரிகிறது என்று அந்தோணி சொன்னான். அங்கேயும் வேட்டியில்தான் இருந்தேன் என்று துரைக்கண்ணு சொன்னதை யாரும் கேட்கவில்லை. கல்யாண ஊர்வலத்தில் வாசிக்கிற பேண்டு செட்டிலிருந்து ஒரு கோட்டு வந்தது. தோளில் குஞ்சலம் இருந்தது. அந்தோணி தன் கறுப்புக் கண்ணாடியையும் ஒரு தொப்பியையும் கொடுத்தான். படம் எடுத்தாயிற்று.

அடுத்தது லண்டன். புதுத்துணிக்கு நேரமில்லை. முனுசாமி அதே திரையில் இரும்புக் கோபுரத்தின் மேல் சாயம் அடித்து, மணிக்கூண்டாக மாற்றினார். மேகம் நன்றாக வந்திருந்ததால் அதை அப்படியே விட்டுவிட்டார்.

"மணி எத்தினி போடட்டும்?"

"எதையாவது போடுங்க."

"எதையாவது போட முடியுமா? ராவுகாலம், எமகண்டம் இல்லாத நேரமா பாத்துப் போடறேன்."

அந்தச் சமயம் அம்சா பாரிஸ் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு குறை தெரிந்தது.

"இத்தினி பெரிய ஊருல நீங்க மட்டும் தனியா நிக்கிறீங்க. ஒரு வெள்ளக்காரங்க கூடவா அந்தப் பக்கம் வரல? இதப் பாத்தா கைலாசம் வுடுவாரா?"

"வெள்ளக்காரங்களுக்கு எங்க போறது?"

"தோ, இருங்க."

அம்சா வெளியே போனாள். திரும்பி வரும்போது தெருவில் அலைந்துகொண்டிருந்த துரைசாணியின் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். ஊரில் இருக்கிற கோயில் எல்லாம் பார்த்துக் களைத்திருந்த துரைசாணிக்கு நிழலும் ஒரு டம்ளர் காப்பியும் கிடைத்தன. உடனே அவள் பையிலிருந்து அந்தப் போட்டோவை எடுத்து அந்தோணியிடம் நீட்டினாள்.

அந்தோணி அதைத் தொழில்காரனின் கண்ணோடு பார்த்தான். "லைட் நல்லா வுழுந்துருக்குது," என்று திருப்பிக் கொடுத்தான். "டெம்பிள்? ஆஃப்டர், மேடம், ஆஃப்டர். ஃபர்ஸ்ட் ஒன் போட்டோ. லண்டன்!"

துரைசாணி திரையைப் பார்த்தாள், துரைக்கண்ணுவின் கோட்டைப் பார்த்தாள், சிரித்தாள். விருந்தாளிகளை இப்படி நிற்க வைத்துப் படம் எடுப்பது இந்த ஊர் வழக்கம் என்று நினைத்திருக்க வேண்டும். சந்தோஷமாக மணிக்கூண்டுக்குக் கீழே நின்றாள்.

கறுப்புக் கண்ணாடிக்குள் துரைக்கண்ணு அவள் முகத்தைப் பார்த்தார். தெரிந்த முகமாக இல்லை. தறியில் இருக்கிறவன் இழையைத்தான் பார்ப்பான். எதிரே நிற்கிற முகங்களைப் பார்ப்பதில்லை.

அம்சா துரைசாணியின் தலையில் ஒரு முழம் மல்லிகை வைத்து, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குச் சாப்பிட வர வேண்டும் என்று கையாலேயே அழைத்தாள்.

ஜப்பானுக்கு முனுசாமி புதிதாக ஒன்றும் செய்யவில்லை. மணிக்கூண்டின் மேல் சாயம் அடித்துவிட்டு, அதே திரையின் கீழ்ப்பாதியில் அரண்மனைப் படிக்கட்டை எழுதினார்.

"படி ஓடுற மாதிரி எப்டி எழுதறது?"

"ஓடுற படியா இருந்தாலும் போட்டோவுல நின்னுக்கினுதான இருக்கும்," என்றான் அந்தோணி.

மேகத்தை யாரும் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக் கொட்டகை நிறைந்துவிட்டது. பாவுக்கயிறு ஒன்றைக் குறுக்கே கட்டி, பெரிதாக்கிய மூன்று படங்களையும் தொங்கவிட்டிருந்தார்கள். முன்வரிசையில் அம்சா புது அரக்குப் புடவையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் துரைசாணி. கொட்டகையின் ஓரத்தில், வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகச் சங்கம் வைத்திருக்கிற மாதிரித் தறி. கடைசியில், சுவரோரமாக முனுசாமியும் அந்தோணியும் நின்றார்கள்.

துரைக்கண்ணு மைக்கைப் பிடித்தார். வேட்டியிடம் மன்னிப்புக் கேட்ட கதையில் தொடங்கினார். சிரிப்பு எழுந்தது. இறங்காத சூரியனைச் சொன்னார். படி ஏறிக் குழிக்குள் இறங்கியதைச் சொன்னார். "நம்ம பட்டத் தொட்டுப் பாக்கறதுக்கு முன்னாடி அந்த ஜனங்க கையக் கழுவிக்கினு வந்தாங்க," என்றபோது கொட்டகையே கைதட்டியது. அம்சா திரும்பித் திரும்பிப் பின்வரிசைகளைப் பார்த்தாள்.

கைலாசம் எழுந்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கயிற்றின் ஓரமாக மெதுவாக நடந்தார். புடவையில் குறை தேடுகிற நடை.

"ஒரு சந்தேகம். பாரிஸ்ல ஒரு மேகம் இருக்குது. தும்பிக்க மாதிரி. லண்டன்ல அதே மேகம். ஜப்பான்லயும் அதே தும்பிக்க. துரைக்கண்ணு போன எடத்துக்கெல்லாம் அதுவும் டிக்கெட் வாங்கிக்கினு வந்துச்சா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"அது மழைக்காலம்!" என்றாள் அம்சா.

"சரிம்மா. கோட்டுப் பட்டன்ல நம்ம ஊரு பேண்டு செட் பேரு இருக்குதே?"

அம்சா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"அதுவும் போவட்டும். லண்டன் படத்துல பக்கத்துல நிக்கிறாங்களே ஒரு துரைசாணி, அவங்களப் பாத்தீங்களா?" கைலாசம் திரும்பிக் கையை நீட்டினார். "தோ, முன்வரிசையில ஒக்காந்து வேர்க்கடலை தின்னுக்கினு இருக்குறாங்க!"

கொட்டகை அதிர்ந்தது. தன்னைத்தான் வாழ்த்துகிறார்கள் என்று நினைத்துத் துரைசாணி எழுந்து கும்பிட்டாள். சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று.

"மைக் இருக்குது, துரைக்கண்ணு," என்றார் கைலாசம் மெதுவாக. "உன் வூட்டுக்காரம்மா சொன்ன வார்த்தை. புருடான்னு சொல்லிட்டு எறங்கிடு."

துரைக்கண்ணு மைக்கைப் பார்த்தார். அம்சாவைப் பார்த்தார். அவள் தலை குனிந்திருந்தது. அரக்குப் புடவையின் மேல் ஒரு சொட்டு விழுந்து கறுத்தது.

அவரால் அந்த வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. போனது நிஜம், போகவில்லை என்று எப்படிச் சொல்வது? அவர் கால் தானாக நடந்தது. சட்டையைக் கழற்றி வைத்தார். மாதிரித் தறியின் குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். கொட்டகை முழுக்கச் சிரிக்க, நாடாவை எறிந்தார். டக், டக் என்று அது ஓடியது.

துரைசாணி திடுக்கிட்டுத் திரும்பினாள்.

கடலையை மடியிலிருந்து உதறிவிட்டு ஓடினாள். தறிக்கு முன்னால் நின்று, குனிந்து பார்த்தாள். சட்டையில்லாத உடம்பு, தறி, முன்னால் சாய்ந்த தலை. பையிலிருந்து போட்டோவை எடுத்து அவர் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு கத்திவிட்டாள். கூடவே மடமடவென்று பேசினாள். 'பாரிஸ்' என்ற ஒரு சொல்தான் எல்லோருக்கும் புரிந்தது.

அந்தோணி ஓடி வந்தான். பாதி இங்கிலீஷ், பாதி கை ஜாடையில் விசாரித்தான். அவன் முகம் மாறிக்கொண்டே போயிற்று.

"அண்ணே! இந்தம்மா பாரிஸாம். கண்காட்சியில உங்களப் பாத்தாங்களாம். இந்தப் படத்த இவங்களே எடுத்தாங்களாம். உங்களப் பாத்துக் குடுக்கணும்னுதான் இவ்ளோ தூரம் வந்தாங்களாம். யாருகிட்டக் காட்டினாலும் கோயிலுக்கே அனுப்பறாங்களாம்!"

அம்சா போட்டோவைப் பிடுங்கினாள். கோபுரத்துக்குக் கீழே, கட்டை விரல் நகம் அளவுக்கு ஓர் ஆள் தறியில் உட்கார்ந்திருந்தார். இத்தனை நாளும் கோபுரத்தைப் பார்த்த ஊரில் ஒருவரும் அந்த ஆளைப் பார்க்கவில்லை. அவளுக்கு ஒரு பார்வையே போதுமாக இருந்தது.

"இதான் எங்க வூட்டுக்காரரு! பாருங்க! எல்லாரும் பாருங்க!"

படம் கைக்குக் கை போயிற்று. கைலாசத்திடம் வந்து நின்றது. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஆளு துரைக்கண்ணுதான். ஆனா பின்னால இருக்கறது இன்னா? கோபுரம். பாரிஸ்ல எந்தத் தெருவுலப்பா கோபுரம் இருக்குது?"

"அது நெசக் கோபுரம் இல்ல," என்றார் துரைக்கண்ணு தறியில் இருந்தபடியே. "காஞ்சிபுரம் மாதிரி இருக்கணும்னு அங்க ஒரு திரை எழுதித் தொங்கவுட்டிருந்தாங்க."

கொட்டகை வெடித்தது.

"திரையாம்!" கைலாசத்துக்குச் சிரிப்பில் மூச்சு வாங்கியது. "பாரிஸ்னு காட்டினதும் திரை, காஞ்சிபுரம்னு காட்டறதும் திரை! துரைசாணி சாட்சியாம். லண்டன் படத்துல நின்னவங்கதான இவங்க? யோவ் முனுசாமி! பின்னால ஒளிஞ்சா வுட்டுடுவமா? இந்தக் கோபுரமும் நீ எழுதினதுதான? ஒத்துக்கய்யா!"

முனுசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவமானத்தில் தலை குனிந்திருந்தது. கைலாசத்தின் கையிலிருந்து போட்டோவை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் உதடுகள் அசைந்தன. விரல் நகத்தால் கீழிருந்து மேலே ஒவ்வொன்றாகத் தொட்டார். மறுபடியும் கீழிருந்து தொடங்கினார். தலை நிமிர்ந்தது. முகம் சிவந்திருந்தது.

துரைக்கண்ணுவுக்காகக் காத்திருந்த மைக்கை அவர் பிடித்துக்கொண்டார்.

"பாரிஸ் நான் எழுதினதுதான், லண்டன் நான் எழுதினதுதான், அந்த மேகமும் என்னுதுதான், தைரியமா ஒத்துக்கறேன்! ஆனா இந்தக் கோபுரத்துக்கு ஆறு நெலைய்யா, ஆறு! இப்டி ஒரு தப்பப் பண்றவன் பாரிஸ்லதான்யா பொறந்துருக்கணும்!"